தண்ணீருக்கடியில் கேமரா, தகராறு செய்யும் மெமரி கார்டு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

தண்ணீருக்குள் இறங்கிய பிறகு கேமராவின் கதவைத் திறக்க முடியாது. மற்ற கேமராக்களில் "சரி, போகட்டும்" என்று விடுகிற கார்டு கோளாறு, வாட்டர்ப்ரூஃப் கேமராவில் பெரிய தலைவலியாவது இதனால்தான். கல்யாண மண்டபத்தில் கார்டு மக்கர் செய்தால் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடலாம், அதுவும் ஆகவில்லையென்றால் பக்கத்துக் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். புதுச்சேரிக் கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் திரையில் 'கார்டு எரர்' என்று வந்தால், மேலே வரும் வரை அந்தக் கேமரா கையில் கட்டிய எடைக்கல்தான். ஆகவே கார்டின் எல்லாக் கோளாறையும் கரையிலேயே, இன்னும் சொன்னால் வீட்டிலேயே, கண்டுபிடித்துவிட வேண்டும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே போய்விடுங்கள். ஒலிம்பஸ் டிஜி வரிசை (இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் வருவது), நிக்கான் டபிள்யூ300, கோப்ரோ ஆகியவற்றை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் எஸ்டி கார்டு போடுகிற எந்தக் கேமராவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

புதுக் கார்டு போட்டதுமே 'எரர்', இல்லையென்றால் கார்டே இல்லை என்கிறது

முதல் கேள்வி, கேமராவுக்கு எத்தனை வயது? எஸ்டி கார்டில் வடிவம் ஒன்று, உள்ளே தலைமுறை வேறு வேறு. வெறும் 'எஸ்டி' என்று போட்டிருந்தால் 2 ஜிபி வரை. 'எஸ்டிஹெச்சி' என்றால் 4 முதல் 32 ஜிபி வரை, இது 2006-ல் வந்தது. 'எஸ்டிஎக்ஸ்சி' என்றால் 64 ஜிபியில் தொடங்கி 2 டிபி வரை, இதை 2009-ல் அறிவித்தார்கள். புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும், பழைய கேமரா புதிய கார்டை ஏற்காது. எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் கார்டு உள்ளே போய் 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிடும், அதைப் பார்த்து நாமும் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுவோம். மாமா துபாயிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த கேமராவை எடுத்து 128 ஜிபி கார்டு போடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். கார்டு போடும் கதவுக்கு உள்பக்கமோ மேனுவலிலோ எந்தச் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்டிஹெச்சியோடு நின்றுவிட்டால் 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம். பெரிய கார்டை கம்ப்யூட்டரில் ஃபேட்32 (கார்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறை) ஆக ஃபார்மேட் செய்து போட்டால் ஓடும் என்று சிலர் சொல்வார்கள், சில கேமராக்களில் ஓடவும் ஓடும். ஆனாலும் தண்ணீருக்குள் கொண்டுபோகும் கேமராவில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பேன்.

அதைவிடப் பழையது என்றால் கதையே வேறு. 2002-ல் ஒலிம்பஸும் ஃபியூஜியும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்டி பிக்சர் கார்டு என்று ஒன்று உண்டு, அதிகபட்சம் 2 ஜிபி. பழைய ஒலிம்பஸ் டஃப் கேமராக்கள் அதைத்தான் கேட்கும். எஸ்டி கார்டு அந்தத் துளையில் நுழையவே நுழையாது, தள்ளிப் பார்க்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன் கதவைத் திறந்து எந்தத் துளை என்று பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு ரகமும் இருக்கிறது: சீலைஃப் மைக்ரோ 3.0 போன்றவற்றில் கார்டுக்கு இடமே கிடையாது, 64 ஜிபி நினைவகத்தை உள்ளேயே வைத்து மொத்தமாக மூடிவிட்டிருப்பார்கள். கதவே இல்லாததால் கசிவும் இல்லை, கார்டு தகராறும் இல்லை. அது நிறைந்துவிட்டால் கம்ப்யூட்டரில் இறக்கித்தான் ஆக வேண்டும், அது வேறு விஷயம்.

கேமரா புதியது, கார்டின் தலைமுறையும் சரி, ஆனாலும் எரர் என்றால் அந்தக் கார்டு இதற்கு முன் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆகப் பயன்படுத்திய கார்டை போன் பூட்டி எழுதியிருக்கும், வேறு எந்தக் கருவிக்கும் அது புரியாது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கிடந்த கார்டும் இப்படித்தான், துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கும். உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு, எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தருகிற எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டரில் ஒரு தடவை துடைத்துவிட்டு, அப்புறம் கேமராவுக்குள்ளேயே இன்னொரு தடவை ஃபார்மேட் செய்யுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தவிர்க்காதீர்கள். கேமராவுக்குத் தேவையான ஃபோல்டர்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். கார்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் தளர்ந்துபோக இன்னொரு மின்னிணைப்புத் தகடு வரிசை எதற்கு? கோப்ரோவுக்கு மைக்ரோ எஸ்டி, டிஜிக்கும் டபிள்யூ300-க்கும் முழு அளவு எஸ்டி, எது கேட்கிறதோ அதையே வாங்குங்கள்.

'கார்டு லாக் ஆகியிருக்கிறது' என்கிறது

பக்கவாட்டில் இருக்கும் குட்டி நகர்த்தியைக் கார்டின் தகடுகள் இருக்கும் பக்கம் தள்ளுங்கள், முடிந்தது. அந்த நகர்த்தி உடைந்து விழுந்திருந்தால் கேமரா எப்போதும் 'லாக்' என்றே படிக்கும். அந்த இடத்தில் செலோ டேப் ஒட்டி ஏமாற்றலாம், வீட்டுக் கேமராவுக்கு அது சரி. ஆனால் வெயிலில் சூடேறும் கேமராவுக்குள் டேப்பின் பசை இளகி, கார்டு உள்ளே ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. புதுசு வாங்கிவிடுங்கள்.

போட்டோ எடுக்கிறது, வீடியோ மட்டும் நடுவில் நின்றுவிடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வீடியோ நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், எப்போது நிற்கிறது என்று பார்த்தாலே பிரித்துவிடலாம்.

தொடங்கிய சில நொடிகளிலேயே நிற்கிறது, ஒரு தடவை ஐந்து நொடி, இன்னொரு தடவை இருபது நொடி என்று கணக்கில்லாமல் நிற்கிறது என்றால் கார்டின் எழுதும் வேகம் போதவில்லை. கடையில் எல்லோரும் பார்ப்பது '170' '200' என்று பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை. அது படிக்கும் வேகம், அதுவும் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த ரீடரில் போட்டால் கிடைப்பது. கேமராவுக்குத் தேவை எழுதும் வேகம், அதிலும் 'இதற்குக் கீழே இறங்காது' என்கிற உறுதி. அதைச் சொல்வது மூலையில் இருக்கும் சின்னச் சின்ன குறிகள்: வட்டத்துக்குள் 10 என்றாலோ கிண்ணம் போன்ற யூ எழுத்துக்குள் 1 என்றாலோ நொடிக்கு 10 எம்பி, யூவுக்குள் 3 என்றால் 30 எம்பி, வி30 என்றாலும் அதே 30, வி60, வி90 என்றால் அந்தந்த எண்.

இப்போது கேமரா எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். டிஜி-6 மாதிரி கேமராவில் 4கே வீடியோ நொடிக்குச் சுமார் 100 மெகாபிட். இது பிட், பைட் இல்லை. எட்டால் வகுத்தால் 12.5 எம்பி வருகிறது. 10 எம்பிக்கு மட்டும் உறுதி தரும் கார்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கையை விரிப்பது இதனால்தான். சாதாரண ஹெச்டியில் அதே கார்டு ஒழுங்காக ஓடும், 4கே போட்டதும் நிற்கும், ஆகவே 'கேமராவில்தான் கோளாறு' என்று சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பிவிடுவார்கள். யூ3 அல்லது வி30 போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோப்ரோவுக்கும் இதே அளவுதான்.

யூ3 கார்டும் சில மாதம் கழித்துத் திணறலாம். கேமராவில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டே இருந்தால் காலி இடம் சில்லறையாகச் சிதறி எழுதும் வேகம் இறங்கும். எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு கேமராவிலேயே ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாவது, எப்போதும் ஒரே இடத்தில் நிற்பது. ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 12.5 எம்பி கணக்கில் அது ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கோப்ரோ தானாகவே அடுத்த ஃபைலுக்குத் தாவி எழுதிக்கொண்டே போகும், சில கேமராக்கள் நின்றுவிடும். 29 நிமிடத்தில் நிற்கிற கேமராக்களும் உண்டு, அது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. எந்தக் கார்டு போட்டாலும் இந்த வரம்பு மாறாது, மறுபடி பட்டனை அழுத்துவதுதான் வழி.

மூன்றாவது, சூடு. படகில் வெயிலில் வைத்த கேமராவைக் கரையிலேயே 4கே ஓடவிட்டால் வெப்பநிலைக் குறி வந்து அணைந்துவிடும். தண்ணீருக்குள் போனால் பிரச்சினையே இருக்காது. சென்னை ஏப்ரல் மாதத்தில் மொட்டை மாடியில் கேமராவைச் சோதித்துவிட்டு கார்டைத் திட்டக்கூடாது.

சரி, எதைத்தான் வாங்குவது? இன்றைய வாட்டர்ப்ரூஃப் கேமராவுக்கு என் தேர்வு 64 ஜிபி, எஸ்டிஎக்ஸ்சி, யூஹெச்எஸ் ஒன்று (கார்டும் கேமராவும் பேசிக்கொள்ளும் வேகத்தின் தலைமுறை), வி30. 100 மெகாபிட்டில் அதில் கிட்டத்தட்ட 85 நிமிட வீடியோ பிடிக்கும், ஒரு நாளைக்குத் தாராளம். 256-க்குப் போகாததற்குக் காரணம், கேமராவில் தண்ணீர் புகுந்தால் மொத்தப் பயணமும் ஒரே கார்டில் மாட்டிக்கொள்ளும். 16-க்கு இறங்காததற்குக் காரணம், நடுவில் மாற்ற வேண்டிவரும், படகில் ஈரக் கையோடு ஒவ்வொரு தடவை கதவைத் திறப்பதும் ரப்பர் வளையத்தில் மணலோ முடியோ உட்கார வாய்ப்புத் தருவதுதான். இரண்டு கார்டு வாங்கி ராத்திரி அறையில் வைத்து மாற்றுங்கள். பின்பக்கம் இரண்டு வரிசைத் தகடு வைத்த யூஹெச்எஸ் இரண்டு கார்டு, யூஹெச்எஸ் ஒன்று கேமராவில் ஓடும், ஆனால் பழைய வேகத்திலேயே ஓடும், கூடுதலாகக் கொடுத்த காசு தண்டம். ஏ1, ஏ2 என்ற குறிகள் போனில் ஆப் ஓட்டுவதற்கானவை, கேமராவுக்கு அவற்றால் ஒன்றும் இல்லை.

தொடர்ந்து படமெடுத்தால் கேமரா உறைந்து நிற்கிறது

இதுவும் எழுதும் வேகம்தான். ரா ஃபைலோடு (கேமரா பதப்படுத்தாத பெரிய மூலப் படம்) சேர்த்து எடுக்கிறீர்களா என்று பாருங்கள். மீன் கூட்டத்தை மடமடவென்று எடுக்கும்போது ஜேபெக் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

படங்கள் காணவில்லை, பாதிப் படம் சாம்பல் பட்டையாக இருக்கிறது

எடுத்த உடனே பார்த்தால் இருந்தது, வீட்டில் வந்து பார்த்தால் முதல் சில நூறு படங்கள் மட்டும் திறக்கின்றன, மற்றவற்றுக்குப் பெயர் இருக்கிறது படம் இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றுவது போலிக் கார்டு. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோ வைத்துவிட்டு, கார்டை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் சிப் '128 ஜிபி இருக்கிறது' என்று கேமராவிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். உண்மையான அளவு நிறையும் வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே விழும். கேமராவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வீட்டு மாடியில் பத்துப் படம் எடுத்துச் சோதிப்பது இங்கே பயன்படாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

சோதிக்க ஒரே வழி கார்டை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படிப்பது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. 64 ஜிபிக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். வாங்கிய நாளிலேயே செய்யுங்கள், அப்போதுதான் திருப்பிக் கொடுக்க வாய் இருக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் நல்ல கார்டும் கிடைக்கும், மற்றதும் கிடைக்கும். பேரம் பேசுங்கள், ஆனால் பில்லை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தரேன் சார்' என்றால் அந்தக் குறைச்சல் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் விற்பவர் யார் என்று பாருங்கள், பெரிய தளத்தின் பெயரை மட்டும் நம்ப முடியாது. 1 டிபி கார்டு ஒரு பிரியாணி விலைக்கு வருகிறது என்றால் அதைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

போலி இல்லை, நல்ல கார்டுதான், ஆனாலும் படம் போய்விட்டது என்றால் உடனே படமெடுப்பதை நிறுத்துங்கள். அதில் புதிதாக எழுதும் ஒவ்வொன்றும் பழையதை நிரந்தரமாக அழிக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கணிசமாக மீட்டுத் தரும், மீட்டதைக் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் இப்படி நடக்கும். பேட்டரி ஒரு கட்டைக்கு வந்ததும் வீடியோவை நிறுத்திவிடுங்கள்.

கேமராவில் தெரிகிறது, லேப்டாப் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டில் கோளாறு இல்லை, பழைய கார்டு ரீடருக்கு எஸ்டிஎக்ஸ்சி தெரியாது, அல்லது பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்டிஎக்ஸ்சி கார்டின் எக்ஸ்ஃபேட் முறை தெரியாது. வேறு ரீடர் போட்டுப் பாருங்கள், அல்லது கேமராவையே யூஎஸ்பி கேபிளில் இணையுங்கள்.

கார்டு காலியாக இருக்கும்போதே 'மெமரி ஃபுல்'

கார்டு சரியாக உட்காரவில்லை, கேமரா தன் சொந்த நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. டபிள்யூ300-ல் அது 99 எம்பி அளவுதான், கொஞ்சம் படத்திலேயே நிரம்பிவிடும். கார்டை எடுத்து மறுபடி அழுத்திப் போடுங்கள். உள்ளே மாட்டிய படங்களைக் கேமரா மெனுவிலிருந்தே கார்டுக்கு மாற்றலாம். அபூர்வமாக ஃபோல்டர் எண் 999 வரை போய்த் தீர்ந்திருக்கலாம், உள்ளதைக் காப்பி எடுத்துக்கொண்டு கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு, மெனுவில் எண்ணைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். மற்றபடி 64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59 என்று காட்டுவது இயல்பு, கார்டுக் கம்பெனியும் கம்ப்யூட்டரும் ஜிபியை வேறு விதமாக எண்ணுவதால் வருவது.

வீட்டில் சரி, நீச்சல் குளத்தில் சரி, கடலுக்குப் போய்வந்த பிறகு தகராறு

இதில் கார்டின் தேர்வு அல்ல, உப்பும் ஈரமும்தான் வில்லன். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் ஜன்னல் கம்பி என்ன வேகத்தில் துருப்பிடிக்கிறது என்று பார்க்கிறோம், கார்டின் தகடுகளுக்கு அந்தக் காற்று மட்டுமே போதும். கடலிலிருந்து வந்ததும் கதவைத் திறக்காமல் முதலில் கேமராவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். நல்ல தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர். கடலோரப் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் அலசுவதும் அலசாமல் விடுவதும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு பக்கெட்டில் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றிக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்து, கதவோரத்தில் ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு கதவு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறங்கள்.

மூடும்போது ஏசி அறையில் மூடுவது நல்லது. சென்னை மதியத்தின் ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அந்த ஈரம் லென்ஸுக்குப் பின்னால் பனியாகப் படியும். ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத வெளிக்கூட்டில்) போடும் கேமரா என்றால் ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் வையுங்கள்.

தகடுகள் மங்கலாக இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மென்மையாகத் துடைத்து உலரவிடுங்கள். ரப்பரால் அழிப்பது வேண்டாம், மேலே இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது.

கேமராவுக்குள்ளேயே கடல் தண்ணீர் போய்விட்டதா? 'ஆன் ஆகிறதா பார்ப்போம்' என்று பட்டனை அழுத்தாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள். கேமரா பிழைப்பது சந்தேகம், கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும், ஏனென்றால் அதன் சிப்புகள் மூடி வார்க்கப்பட்டவை. நல்ல தண்ணீரில் கார்டை அலசி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, அப்புறம் ரீடரில் செருகுங்கள். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம், மாவும் தூசும்தான் மிச்சம். திறந்துவிட்டால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டு, அந்தக் கார்டை இனி எந்தக் கேமராவிலும் போடாமல் ஓரம் கட்டிவிடுங்கள்.